முதல் வாரத்துப் பால் சிக்கல்கள்: மும்பையில் பிள்ளை பெற்றிருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு

பிள்ளை பிறந்து இரண்டாம் நாள் ராத்திரி, வார்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் உங்கள் குழந்தை மட்டும் விடாமல் அழும். மார்பில் வைத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண் மூடும், கீழே படுக்க வைத்தால் மறுபடி அழும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் "பால் இன்னும் இறங்கலை, பசியில அழுவுது" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பேச்சில் பல பெண்களுக்குத் தன் உடம்பின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று நம் ஆட்கள் இருக்கும் பக்கங்களில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போய் உதவுகிறவள் நான். ஆரம்ப நாட்களில் நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தில்தான் தொடங்குகின்றன. அதைச் சரிசெய்யாமல் பூண்டு, லேகியம், பம்ப், பவுடர் என்று வீடு முழுக்க அலைந்து முதல் வாரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். பால் சுரப்பு நிலைபெறுவதே அந்த நாட்களில்தான் என்பதால் எனக்கு இது பெரிய வருத்தம். தெரிந்ததைச் சொல்கிறேன், கையில் குழந்தையை வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதல் மூன்று நாள்

பிறந்ததும் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சிலருக்கு நிறமே இல்லாமல் தெளிவாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி, இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்பதை நினைத்துப் பாருங்கள், பிழிந்து பார்த்தால் பீச்சியடிக்கவில்லையே என்று பயப்படுவது எவ்வளவு தேவையில்லாதது என்று புரியும். பால் வெள்ளையாகப் பெருகி மார்பு கனப்பது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இவை இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். தள்ளிப்போகிறது என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை, அடிக்கடி குழந்தையை வைக்க வேண்டும் அல்லது கையால் பீய்ச்ச வேண்டும் என்று அர்த்தம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனாலும் தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் இது முடிகிற காரியம்தான், கேட்டுப் பெற வேண்டும். அந்த ஒரு மணி நேரம் தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைக்கு டயப்பர் மட்டும் போட்டு, உங்கள் வெறும் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் மூடிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்த மாதிரி உட்காருங்கள், தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்கட்டும். எத்தனையாவது நாளில் ஆரம்பித்தாலும் இது வேலை செய்கிறது, குழந்தை தானாகவே தலையை ஆட்டி ஆட்டி மார்பைத் தேடும். குழந்தையை என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்திருந்தால் முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்ச ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 8 தடவையாவது பீய்ச்சுங்கள், அரை டீஸ்பூன் வந்தாலும் கொடுத்தனுப்புங்கள்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுப்பது இயல்பு. சாயங்காலம் ஆனால் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கேட்கும், அதுவும் இயல்பு, அப்படித்தான் குழந்தை அடுத்த நாளுக்கான சுரப்பைத் தூண்டிக்கொள்கிறது. அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள். தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அதுதான் பசி. வீறிட்டு அழும் குழந்தைக்கு மார்பைப் பிடிக்கவே வராது, முதலில் நெஞ்சோடு அணைத்து அமைதியாக்கிவிட்டு அப்புறம் வையுங்கள்.

ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இன்னும் இந்தி பிடிபடாத பெண்களுக்கு ஒரு வார்த்தை. நர்ஸம்மாவிடம் பேசத் தயங்கி, சைகையிலேயே தலையாட்டிவிட்டு, ராத்திரி பாட்டில் வந்து நிற்கும்போது முழிக்காதீர்கள். "பச்சா டீக் ஸே பகட் நஹீ ரஹா ஹை, ஸிகாயியே" என்றால் குழந்தை சரியாகப் பிடிக்கவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்று அர்த்தம். "முஜ்ஸே பூச்சே பினா பௌடர் கா தூத் மத் தீஜியே" என்றால் என்னைக் கேட்காமல் பவுடர் பால் தராதீர்கள். மராத்தி பேசும் ஆயா என்றால் "தூத் பாஜாய்லா மதத் கரா" போதும், மனதாரச் செய்வார்கள். டாக்டர் பவுடர் பால் எழுதியிருந்தால் காரணம் என்ன, எத்தனை மில்லி, எத்தனை நாளைக்கு என்று மூன்றையும் கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிடிப்பு

இங்கேதான் நேரம் எடுத்துக்கொண்டு படிக்கச் சொல்கிறேன். குழந்தை குடிக்க வேண்டியது காம்பை அல்ல, காம்பைச் சுற்றிய கருவட்டத்தையும் அதற்குக் கீழே உள்ள சதையையும் சேர்த்து வாய் நிறைய வாங்க வேண்டும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் உங்களுக்கு உயிர் போகும், குழந்தைக்குப் பாலும் வராது, அரைமணி நேரம் சப்பிக் களைத்துப்போய்த் தூங்கிவிடும், பத்து நிமிஷத்தில் பசித்து எழும், வீட்டில் எல்லோரும் பால் பத்தவில்லை என்பார்கள்.

இடது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்காருங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு ஸ்டூலோ பலகையோ போடுங்கள். குழந்தையை வலது கையில் வாங்குங்கள். அதன் உடம்பு உங்கள் வலது முன்கையின் நீளத்துக்கு இருக்க வேண்டும், வயிறும் உங்கள் வயிறும் ஒட்டியிருக்க வேண்டும், காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாது, அதற்கு எப்படி முடியும்? உங்கள் வலது உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரல் ஒரு காதுக்குப் பின்னால், மற்ற விரல்கள் இன்னொரு காதுக்குப் பின்னால். பின்மண்டையை மட்டும் அழுத்திப் பிடிக்கவே கூடாது, அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னால் தள்ளும், அதைப் பார்த்து "பிள்ளைக்கு மார்பே பிடிக்கலை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இடது கையால் மார்பைக் கீழிருந்து தாங்குங்கள், விரல்கள் கருவட்டத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கட்டும், லேசாக அமுக்கி மார்பைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். எந்தப் பக்கம் தட்டையாக்குவது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வடாபாவைச் சாப்பிடும்போது அதை உதட்டுக்கு இணையாகப் பிடித்து அமுக்கித்தானே கடிக்கிறோம், அதே கணக்குதான், குழந்தையின் உதடு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு இணையாக அமுக்க வேண்டும். குழந்தை பக்கவாட்டில் படுத்திருப்பதால் அதன் வாய் செங்குத்தாக இருக்கும், அதனால் உங்கள் கை கீழிருந்து வந்து கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக இருக்க வேண்டும்.

இப்போது காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும், வாய்க்கு நேராக அல்ல. மேலுதட்டைக் காம்பால் தொட்டுத் தொட்டு எடுங்கள். பொறுமை வேண்டும். கொட்டாவி விடும் அளவுக்கு வாய் அகலமாகத் திறக்கும், அந்த நொடியில் குழந்தையை மார்புக்கு இழுங்கள், நீங்கள் குனிந்து மார்பைத் திணிக்காதீர்கள். மோவாய் முதலில் பட வேண்டும், கீழுதடு காம்புக்கு எவ்வளவு தள்ளிப் படுகிறதோ அவ்வளவு நல்லது.

சரியாகப் பிடித்திருந்தால் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், மூக்கு விலகியிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேல் பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் கொஞ்சமாகவும் தெரியும். கன்னம் உப்பலாக இருக்கும், குழி விழாது. முதலில் வேகமாகச் சப்பும், அப்புறம் மெதுவாக, ஆழமாக இழுத்து விழுங்கும், விழுங்கும்போது மோவாய் ஒரு கணம் நிற்கும். "டக் டக்" என்று சத்தம் வந்தாலோ வலி குறையாமல் இருந்தாலோ எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். அப்படியே இழுக்கக் கூடாது, சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்துப் பிடிப்பை விடுவித்துவிட்டு எடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து தடவை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை, தப்பான பிடிப்பில் விட்டு அடுத்த நாள் புண்ணோடு உட்காருவதை விட அது மேல். குடித்து முடித்து வெளியே வரும் காம்பு உருண்டையாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் சப்பையாகவோ சரிவாகவோ இருந்தால் பிடிப்பு ஆழமில்லை.

எழுதிப் படிப்பதை விடப் பார்த்தால் சீக்கிரம் விளங்கும். நம்ம பவாயில் இருக்கும் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தாய்ப்பால் கொடுக்கும் முறைகளை வீடியோவாகப் பல இந்திய மொழிகளில் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. கடைசி மாதத்திலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கணவரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு எதுவும் ஞாபகம் வராது, அவர்களுக்கு வரும்.

சிசேரியன் தையல் மேல் குழந்தையின் எடை படக்கூடாது என்றால் கக்கத்தில் இடுக்கும் முறை நல்லது. பக்கத்தில் தலையணை வைத்து, குழந்தையின் உடம்பு உங்கள் கைக்கு அடியில் முதுகுப் பக்கம் போகும்படி வைத்து, தலையை உள்ளங்கையில் தாங்கி மார்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம், ஆனால் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பி வைக்க ஒரு ஆள் வேண்டும். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கும் இரட்டைக் குழந்தைக்காரர்களுக்கும் கக்கத்து முறை ரொம்ப வசதி.

காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தால் பால் கொடுக்க முடியாது என்று மாமியார் வீட்டில் சொன்னதை நம்பி முதல் நாளே பாட்டிலுக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை மார்பைத்தான் பிடிக்கிறது என்று சொன்னேனே, காம்பு நீளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கொடுப்பதற்கு முன் விரலால் உருட்டிவிடுங்கள். அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை வெட்டி, தண்டை வெட்டிய பக்கமாகத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பிடிக்கும் முறை நம் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக இருக்கிறது, நர்ஸிடம் கேட்டால் செய்து தருவார்கள். வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். காம்பின் மேல் போடும் சிலிகான் மூடியைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், சரியான அளவைத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தூங்குமூஞ்சிக் குழந்தை என்று ஒரு வகை உண்டு. முதல் வாரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் குடிக்காமல் தூங்க விடாதீர்கள். துணியைத் தளர்த்துங்கள், உள்ளங்காலைத் தேயுங்கள், முதுகைத் தடவுங்கள், டயப்பர் மாற்றுங்கள். குடிக்கும்போதே தூங்கினால் மார்பை மெதுவாக அமுக்கிப் பிடியுங்கள், பால் வாய்க்குள் வந்ததும் மறுபடி விழுங்க ஆரம்பிக்கும்.

பத்துகிறதா என்று எப்படித் தெரியும்

அழுகையை வைத்துத் தெரியாது, மார்பு மெத்தென்று இருப்பதை வைத்தும் தெரியாது, பம்பில் எத்தனை மில்லி வந்தது என்பதை வைத்தும் தெரியாது. துணியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தடவையாவது ஈரம், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து 6 அல்லது அதற்கு மேல். மலம் முதலில் கறுப்பாக, ஒட்டும் பசையாக வரும், மூன்றாம் நாள் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் கடுகு மஞ்சள் நிறத்துக்கு வர வேண்டும். விலை கூடிய டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடும், கணக்கே தெரியாது, அதனால் முதல் வாரம் மட்டும் பழைய வேட்டித் துணியை லங்கோட்டாகக் கட்டச் சொல்கிறேன். மும்பை மழைக்காலத்தில் துணி காயாது, கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு வாரம் துணி சொல்லும் செய்தி வேறு எதிலும் கிடைக்காது.

எடை முதலில் குறையும், 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். சிசேரியனில் உங்களுக்கு ஏற்றிய குளுக்கோஸ் தண்ணீரால் பிறந்த எடையே கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்கலாம், அதையும் கேளுங்கள். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அப்புறம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும்.

வலி, புண், கட்டு

ஆரம்ப நாட்களில் முதல் சில நொடி சுரீர் என்று இழுக்கும், பிறகு போய்விட வேண்டும். குடிக்கும் நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அது தாய்மையின் வலி கிடையாது, பிடிப்பைச் சரிசெய்ய வேண்டிய வலி. புண் வந்துவிட்டால் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காய விடுங்கள், லானோலின் களிம்பு இருந்தால் போடலாம், சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். புண் குறைவாக இருக்கும் மார்பில் முதலில் கொடுங்கள். பிடிப்பு சரியாக இருந்தும் குடித்து முடித்தபின் எரிச்சல் நீடித்தால், குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இந்த ஊரின் புழுக்கத்தில் ஈரமான உள்ளாடையோடு இருக்கும் பெண்களுக்கு இது எளிதாக வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மருந்து. எப்படி வைத்தாலும் நழுவுகிறது, நாக்கை வெளியே நீட்ட முடியவில்லை என்றால் நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்ததும் வெட்ட வேண்டும் என்பதில்லை, பிடிப்பைக் கெடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்று நான்கு நாளில் பால் கட்டிக்கொள்வது எல்லோரும் பயப்படும் விஷயம். மார்பு கல்லாகிவிடும், கருவட்டமே விறைத்துப்போய்க் குழந்தையால் பிடிக்க முடியாமல் வழுக்கும். அப்போது காம்பின் அடியில் சுற்றிலும் விரல் நுனிகளை வைத்து, நெஞ்செலும்பை நோக்கி உள்பக்கமாக ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். வீக்கம் பின்னால் தள்ளப்பட்டுக் கருவட்டம் மெத்தென்று ஆகும், உடனே குழந்தையை வையுங்கள். இந்த ஒரு உத்தி நிறையப் பெண்களை அழுகையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. கொடுப்பதற்குச் சற்று முன்பு வெந்நீர்த் துணி கொஞ்ச நேரம் வைக்கலாம், ஆனால் கொடுத்து முடித்தபின் வைக்க வேண்டியது குளிர்ந்த துணிதான், சூடு வீக்கத்தைக் கூட்டும். கட்டியிருக்கிறது என்று பம்பை வைத்து உறிஞ்சி உறிஞ்சி எடுத்தால் உடம்பு இன்னும் கேட்கிறார்கள் என்று நினைத்து மேலும் சுரக்கும், இதமாகும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம், அது பாலை வற்ற வைப்பதற்கு. வேலூர் சிஎம்சியில் இதை ஆராய்ந்து 1988ல் வெளியிட்டார்கள், பூவுக்கு உண்மையிலேயே சுரப்பைக் குறைக்கும் தன்மை இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் கட்டு கரையட்டும் என்று யாராவது மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கி வந்தால் சாமிக்குப் போடச் சொல்லுங்கள்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிரோடு காய்ச்சல் வந்தால் அது மார்பழற்சி. பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அந்தப் பால் குழந்தையைக் கெடுக்காது. மாலிஷ் பாய் (உடம்பு தேய்த்துவிட வரும் பெண்) வந்து கட்டியை உடைக்கிறேன் என்று எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க விடவே விடாதீர்கள், உள்ளே இருக்கும் திசு காயப்பட்டு வீக்கம் கூடும். குளிர்ந்த ஒத்தடம், டாக்டர் சொன்ன வலி மாத்திரை, ஓய்வு. ஒரு நாளில் குறையவில்லை என்றால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம், பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடியவை இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

பீய்ச்சுவதும் பாலாடையும்

பம்ப் வாங்க ஓடுவதற்கு முன் கையால் பீய்ச்சப் பழகுங்கள், சீம்பாலுக்குக் கைதான் சிறந்தது. காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி, விடுங்கள். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது. முதலில் ஒன்றும் வராது, இரண்டு நிமிஷம் தாளமாகச் செய்தால் சொட்டும்.

கொடுப்பதற்குப் பாட்டில் வேண்டாம், மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையோ சங்கோ போதும், கழுவிக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அம்மா வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்தி வைத்து உதட்டோரத்தில் பாலாடையைச் சாய்த்தால் அதுவே நக்கிக் குடிக்கும், தொண்டையில் ஊற்றாதீர்கள். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் இருக்கும் என்பது 25 டிகிரிக்கான கணக்கு, ஏசி இல்லாத மே மாதத்து மும்பை வீட்டில் அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கம் 4 நாள் இருக்கும், கதவில் வைக்க வேண்டாம்.

சில குழந்தைகளுக்குப் பவுடர் பால் உண்மையிலேயே தேவைப்படும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், எடை ரொம்பக் குறைந்திருக்கலாம், தாய் மயக்கத்தில் இருக்கலாம். டாக்டர் காரணத்தோடு சொன்னால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுங்கள், பட்டினி போட்டுச் சாதிக்க எதுவும் இல்லை. டப்பாவில் போட்ட அளவுக்குக் குறையாமல் கூடாமல் கலக்குங்கள், பவுடரை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டுவது ஆபத்து. ஒவ்வொரு தடவையும் முதலில் மார்பில் வையுங்கள், அந்த வேளைக்குப் பீய்ச்சவும் செய்யுங்கள், இல்லையென்றால் உடம்பு தேவை குறைந்துவிட்டது என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் காரணமே இல்லாமல் இலவச டப்பா கையில் கொடுத்து அனுப்பினால் வாங்காதீர்கள், 1992ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தடை செய்கிறது, 2003ல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

நம்ம சயான் ஆஸ்பத்திரியில்தான் 1989ல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரம், ஆனால் நம் பெண்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. அங்கே பரிசோதித்துப் பதப்படுத்திய பால் முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் போகிறது. உங்கள் குழந்தை என்ஐசியுவில் இருந்தால் பால் வங்கி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிக் கொடுப்பதைப் பரிசோதனை இல்லாமல் செய்ய வேண்டாம்.

வீட்டுப் பேச்சு

பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு, பிரசவ லேகியம், பக்கத்து மராத்தி வீட்டிலிருந்து வரும் அளீவ் லாடு எல்லாம் நல்ல சாப்பாடு, பச்சை உடம்புக்குத் தெம்பு, சாப்பிடுங்கள். சுரப்பைத் தீர்மானிப்பது மட்டும் எவ்வளவு பால் வெளியே போகிறது என்பதுதான். பால் சுறாவை ஆசைக்கு எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள், பெரிய சுறாக்களில் பாதரசம் அதிகம், தினம் வேண்டாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பால் ஊற மாத்திரை என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவதும் கூடாது.

குழந்தைக்குச் சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைப்பது, கல்லில் இழைத்துத் தரும் மூலிகை மருந்து (மராத்தியில் பாளகுட்டி), கிரைப் வாட்டர், வெயிலுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர், இவற்றில் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பைத் தளர வைத்து மூச்சையே பாதிக்கும், அதனால் தேன் மட்டும் ஒரு வயது வரை கூடாது. தாய்ப்பாலில் 88 சதவீதம் அளவுக்குத் தண்ணீர்தான், மே மாதத்துக்கும் அது போதும். டாக்டர் எழுதித் தரும் விட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. பெரியவர்களிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "அத்தை, ஒரு வாரம் டாக்டர் சொன்ன மாதிரி செஞ்சு பாக்கறேன், நீங்க துணிக் கணக்கு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று அவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டால் பாதி வீடுகளில் எதிர்ப்பு கரைந்துவிடுகிறது. பல பாட்டிமார்கள் அந்தக் கணக்கை நர்ஸை விட நன்றாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஒற்றை அறை வீட்டில் பத்துப் பேர் பார்க்க வந்து உட்கார்ந்தால் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பிடிப்பைப் பார்க்க முடியாது, பிள்ளையும் அழும். ஒரு மூலையில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிடுங்கள், வருகிறவர்களைப் பத்து நாள் கழித்து வரச் சொல்ல வேண்டியது கணவரின் வேலை. ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, உங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது, ராத்திரி எழுந்து குழந்தையைக் கையில் கொடுப்பது எல்லாமே அவரால் முடியும். ராத்திரிப் பாலை விட்டுவிடாதீர்கள், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். பகலில் குழந்தை தூங்கும்போது பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு நீங்களும் படுங்கள்.

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமல் இருந்தால் பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்த நேரமும் இலவசம், மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே டாக்டர், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள்.

குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது எப்போது? எழுப்பினாலும் எழும்பாமல் பால் குடிக்க மறுத்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அல்லது மஞ்சள் கை காலுக்குப் பரவினால், நான்காம் நாளுக்குப் பிறகும் மலம் கறுப்பாகவே இருந்தால் அல்லது சிறுநீரில் செங்கல் நிறக் கறை பட்டால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு 8 மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றால், உடம்பு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) சுட்டால் அல்லது சில்லென்று ஆகிவிட்டால், மூச்சு வாங்கினால். மஞ்சளுக்கு ஜன்னல் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்ஸி கிடைக்கவில்லை என்றால் 108 ஆம்புலன்ஸ். கேஷுவல்டியில் முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பிறந்த எடை, கடைசியாக நன்றாகக் குடித்த நேரம், நேற்றிலிருந்து நனைந்த துணி எத்தனை. அதைக் கேட்டதும் டாக்டரே வேகமாகிவிடுவார்.